குரூப் 4 தளம் ஒன்றில் பழைய பக்கங்களைக் கழித்த வேலை

மதுரையில் போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்தும் ஆசிரியர் ஒருவரின் இணையதளம் இது. முதலில் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் தொடங்கி, பிறகு வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளுக்கு மாறியது. ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு, பாடத்திட்டம், முந்தைய ஆண்டு வினாத்தாள், ஹால் டிக்கெட், விடைக்குறிப்பு, கட் ஆஃப், பள்ளிப் பாடநூல் குறிப்புகள் என்று எல்லாம் உண்டு. ஆனால் ‘குரூப் 4 பாடத்திட்டம்’ என்று கூகுளில் தேடினால் தளம் இரண்டாம் பக்கத்தில் எங்கோ கிடந்தது. அதிலும் ஒரு வாரம் 2019 பக்கம் வரும், அடுத்த வாரம் 2022 பக்கம் வரும். எதுவும் நிலையாக நிற்காது.

2024 ஜூன் 9 குரூப் 4 தேர்வு முடிந்து, அக்டோபர் கடைசியில் முடிவும் வெளியாகி, கூட்டம் ஓய்ந்த பிறகுதான் கை வைத்தோம். அறிவிப்பு வந்து மாணவர்கள் குவியும் நேரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஏதாவது ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) பிசகினால் அந்த ஆண்டின் வருகையே போய்விடும்.

சார், அதாவது அந்த ஆசிரியர், பேச்சை ஆரம்பித்ததே இப்படித்தான்: “பழசையெல்லாம் தூக்கிட்டா ரேங்க் ஏறுமாமே தம்பி?” இப்படி ஒரு பேச்சு உலாவுவதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் தன் பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கிய செய்தி வெளியானது. அப்போது கூகுளின் தேடல் தொடர்பாளராக இருந்த டேனி சல்லிவன், பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நீக்கத் தேவையில்லை, கூகுளுக்குப் பழைய பக்கங்கள்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது என்று பொதுவெளியிலேயே மறுத்தார். அதே சமயம், 2022 ஆகஸ்டில் வந்த ‘உதவிகரமான உள்ளடக்கம்’ ஏற்பாட்டை விளக்கும்போது, பயனற்ற பக்கங்கள் ஒரு தளத்தில் நிறைய இருந்தால் அதன் நல்ல பக்கங்களும் பின்தங்கலாம், அவற்றை எடுத்துவிடுவது மற்றவற்றுக்கு உதவலாம் என்று சொன்னதும் கூகுள்தான். 2024 மார்ச்சில் அந்த ஏற்பாடு முதன்மைத் தரவரிசை முறைக்குள்ளேயே கலந்துவிட்டது. ஆக, வயது ஒரு குற்றமில்லை. உள்ளே சரக்கு இல்லாததுதான் குற்றம். இந்த வித்தியாசத்தைச் சாருக்குப் புரியவைத்த பிறகே மற்றதெல்லாம்.

‘கிரால் பட்ஜெட்’, அதாவது ஒரு தளத்தின் பக்கங்களைப் படிக்க கூகுள் ஒதுக்கும் அளவு, மிச்சமாகும் என்று சொல்லி நீக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல் உள்ள தளங்களும், பத்தாயிரம் பக்கங்களாவது இருந்து அவை தினமும் மாறிக்கொண்டிருக்கும் தளங்களும்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கூகுளின் கையேடே சொல்கிறது. ஆயிரம் பக்கத் தளத்துக்கு அது ஒரு பேச்சே இல்லை.

பட்டியல் போடுவது

முதல் வேலை முழு பேக்கப். தரவுத்தளம், படங்கள், வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பு மூன்றையும் எடுத்து, ஒரு பிரதியைச் சாரின் கணினியில் போட்டோம். அடுத்து, தளத்தில் உண்மையில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல். தளத்தை அலசிப் பக்கங்களைப் பட்டியலிடும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும். அதனால் பதிவுகளின் பட்டியலை நேராகத் தரவுத்தளத்திலிருந்தே இறக்கிக்கொண்டேன். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாமல் அநாதையாகக் கிடப்பவை இப்படி எடுத்தால்தான் கண்ணில் படும்.

தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் இரண்டு தடைகள். திரையிலிருந்து இறக்கினால் 1000 வரிகள்தான் வரும், தரவு 16 மாதங்களுக்குத்தான் இருக்கும். வரித் தடையைத் தாண்ட, முகவரியின் வகைவாரியாக வடிகட்டித் தனித்தனியாக இறக்கி ஒட்டினேன். ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதி நேராக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

16 மாதத் தடைதான் இந்தத் தளத்தில் பெரிய விஷயம். குரூப் 4 ஆண்டுதோறும் தவறாமல் நடந்த தேர்வு இல்லை. 2019 செப்டம்பரில் நடந்தது, அப்புறம் 2022 ஜூலை, அப்புறம் 2024 ஜூன். இடையில் 2020, 2021, 2023 மூன்றும் வெற்று ஆண்டுகள். ‘ஓராண்டாக ஒரு கிளிக்கும் இல்லாத பக்கத்தை நீக்கு’ என்று எல்லோரும் சொல்லும் விதியை 2023 கடைசியில் இங்கே கடைப்பிடித்திருந்தால், 2024 ஜனவரி கடைசியில் அறிவிப்பு வந்ததும் மாணவர்கள் தேடிவரும் பக்கங்கள் பல காணாமல் போயிருக்கும். சர்ச் கன்சோல் திறந்ததும் தானாகக் காட்டும் கடைசி 3 மாதக் கணக்கு இன்னும் மோசம். நாங்கள் பார்த்த நேரத்தில் முடிவு, கட் ஆஃப் பக்கங்கள்தான் உச்சத்தில் நின்றன, வினாத்தாள்கள் தரையில் கிடந்தன. அதனால் 16 மாதங்களையும் எடுத்தோம். நல்லவேளையாக ஒரு தேர்வுக் காலம் முழுவதும் அதற்குள் அடங்கியது.

தமிழ் முகவரிகளின் தொல்லை

சர்ச் கன்சோல் பட்டியலையும் தரவுத்தளப் பட்டியலையும் எக்ஸெலில் விலுக்அப் சூத்திரம் போட்டுப் பொருத்தினால் பாதிக்குமேல் பொருந்தவில்லை. ஒன்றில் முகவரி தமிழிலேயே இருக்கிறது; இன்னொன்றில் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீள்கிறது. பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி எழுதி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பொருந்தின.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘தமிழ்நாடு-அரசுப்-பணியாளர’ என்று, கடைசிப் புள்ளி இல்லாமல் ஒரு முகவரி. கீழே ‘தமிழ்நாடு-அரசுப்-பணியாள-2’, ‘தமிழ்நாடு-அரசுப்-பணியாள-3’ என்று ஒரு நீண்ட வரிசை. காரணம் இதுதான். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் 3 பைட் பிடிக்கும்; முகவரியில் குறியேற்றம் ஆகும்போது அதுவே 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சின்னச் சொல்லுக்கே 45 எழுத்து போய்விடும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பகுதிக்குத் தருவது 200 எழுத்துதான். அதாவது புள்ளி, கால், கொம்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 22 குறிகள். சாருக்குத் தலைப்பை ‘தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்’ என்று முழுப் பெயரோடு தொடங்கும் பழக்கம். 200 தாண்டியதும் மிச்சமெல்லாம் வெட்டுப்பட்டு, எது பாடத்திட்டம், எது ஹால் டிக்கெட் என்று முகவரியைப் பார்த்துச் சொல்லவே முடியாத நிலை. தமிழ் முகவரியை கூகுள் நன்றாகவே படிக்கும், அதில் குறையில்லை. ஆனால் தலைப்பை அப்படியே முகவரியாக விடாமல் இரண்டு மூன்று சொற்களில் நாமே கொடுத்துவிட வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு எல்லா முகவரியையும் மாற்றலாம் என்றார் சார். வேண்டாம் என்றேன். அழகில்லை என்பதற்காக ஒரு முகவரியை மாற்றினால் லாபம் எதுவுமில்லை. இன்னொரு ரீடைரக்ட்தான் மிச்சம். எப்படியும் இணைக்கப்போகும் பக்கங்களுக்கு மட்டும் புது முகவரி கொடுத்தோம்.

பாடத்திட்டப் பக்கங்களை ஒன்றாக்கியது

உண்மையான வேலை இங்கேதான். சர்ச் கன்சோலில் ‘குரூப் 4 பாடத்திட்டம்’ என்ற தேடலைச் சொடுக்கி, அப்படியே ‘பக்கங்கள்’ தாவலுக்குப் போனால், அந்த ஒரே தேடலுக்குத் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் காட்டப்பட்டன என்று வரும். 2018, 2019, 2022, 2024 ஆண்டுப் பக்கங்கள் நாலு. தமிழ்ப் பாடத்திட்டம் தனியாக ஒன்று. பிடிஎஃப் இறக்குவதற்கென்று இரண்டே வரி எழுதிய பக்கம் ஒன்று. போதாததற்கு ‘பாடத்திட்டம்’ என்ற டேக் (குறிச்சொல்) பக்கம். இம்ப்ரெஷன், அதாவது தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம். எதற்கும் உருப்படியான கிளிக் இல்லை. வெளித் தளங்கள் கொடுத்த இணைப்புகள் பெரும்பாலும் 2019 பக்கத்துக்கு. புதிய விவரம் இருந்ததோ 2024 பக்கத்தில். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்வது போலத்தான்.

எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் பரப்பி, எந்தப் பக்கத்தில் மற்றவற்றில் இல்லாத விவரம் இருக்கிறது என்று சார் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். இந்த இடத்தில் கணினி ஆள் எதுவும் செய்ய முடியாது. பாடம் தெரிந்தவர் உட்கார வேண்டும். உதாரணத்துக்கு, 2019 பக்கத்தில் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்தது. அப்போது அது சரி. 2021 டிசம்பரில் அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தமிழ்த் தாள் கட்டாயமான பிறகு, 2022 தேர்விலிருந்து பொது ஆங்கிலம் என்ற வழியே இல்லை. தமிழில் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 40 சதவீதமாவது, அதாவது 60 எடுத்தால்தான் மீதி விடைகளைத் திருத்துவார்கள். 2019 பக்கம் இன்னும் தேடலில் வந்துகொண்டிருந்தது என்றால், ஆங்கிலம் எடுக்கலாம் என்று நம்பிப் படிக்கத் தொடங்கும் ஒரு மாணவருக்குத் தளம் தவறான தகவல் தந்துகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். ரேங்க்கை விடுங்கள், இதற்காகவே அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

முகவரியில் ஆண்டு இல்லாத ஒரே பக்கம் உருவானது. மேலே நடப்புத் தேர்வுக்கான பாடத்திட்டம், அதன் கீழே மதிப்பெண் பிரிவு, கடைசியில் ‘முன்பு எப்படி இருந்தது’ என்று சின்ன அட்டவணை. பழைய ஆண்டுப் பக்கங்கள் எல்லாம் 301 என்ற நிரந்தர ரீடைரக்ட்டில் இதற்கு வந்தன. புதுத் தேர்வு அறிவித்தால் இதே பக்கத்தைத் திருத்துவதுதான். இன்னொரு பக்கம் தொடங்குவது கிடையாது.

விஏஓ பக்கங்கள் விஷயத்தில் சார் ஒரு நல்ல தடுப்பு போட்டார். கிராம நிர்வாக அலுவலர் தேர்வு தனியாக நடந்த காலத்துப் பக்கங்கள் நிறைய இருந்தன. 2018 பிப்ரவரித் தேர்விலிருந்து அது குரூப் 4 உடன் சேர்ந்துவிட்டது; ஆகவே நீக்கலாம் என்று என் பட்டியலில் குறித்திருந்தேன். “ஊர்ல இன்னிக்கும் விஏஓ எக்ஸாம்னுதான் தம்பி கேக்குறாங்க. குரூப் 4 எழுதினாதான் விஏஓ ஆகலாம்னே பாதிப் பேருக்குத் தெரியாது” என்றார். சர்ச் கன்சோலைப் பார்த்தால் அந்தத் தேடல்கள் உண்மையிலேயே உயிரோடு இருந்தன. அதனால் ஒரே ஒரு விஏஓ பக்கத்தை வைத்து, தனித் தேர்வு இப்போது இல்லை, குரூப் 4 வழியாகத்தான் என்று முதல் வரியிலேயே எழுதி, மற்றவற்றை அதற்குத் திருப்பினோம்.

பிடிஎஃப் குவியல்

சர்ச் கன்சோலின் ‘கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்ற பட்டியலில், அதாவது கூகுள் படித்தும் தேடலில் சேர்க்காதவற்றில், பாடக் குறிப்புப் பிடிஎஃப்களும் அவற்றைத் தாங்கிய பக்கங்களும் வண்டி வண்டியாக இருந்தன. சரக்கு அருமையான சரக்கு. சார் பல ஆண்டுகள் எழுதியது. ஏன் ஏறவில்லை? ஒரு பிடிஎஃப்பைத் திறந்து ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள் இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. கூகுள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

“இதையெல்லாம் மட்டும் அழிச்சிடாதீங்க தம்பி, ராத்திரி ராத்திரியா உக்காந்து டைப் அடிச்சது” என்றார். அழிக்கவில்லை. மூல வேர்ட் கோப்புகள் கிடைத்த பாடங்களை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கி, பிடிஎஃப்புக்குப் பதில் நேராகப் பக்கமாகவே வெளியிட்டோம். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக மாறி உளறலாகிவிடும்; காலுக்குப் பதில் ‘ர’ தட்டியிருந்தால் அது ‘ர’வாகவே வரும்; ஒகர ஓகாரக் குறிகள் சில மாற்றிகளில் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரிந்து வரும். கடைசியாகச் சொன்னது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துக்குள் ‘கொ’ என்று தேடினால் சில எடிட்டர்களில் கிடைக்காமல் போகும்போதுதான் தெரியும். இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். மூலக் கோப்பு தொலைந்துபோன பாடங்களை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறோம்.

முழுப் பட்டியலிலேயே அதிகப் பலன் தந்த பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். அதைக் ‘கழித்தல்’ என்று சொல்லவே முடியாது என்பது வேறு விஷயம்.

நீக்கியவை

நீக்கியதும் நிறைய உண்டு. ‘ஹால் டிக்கெட் வெளியானது’ என்று இரண்டு வரியும் செத்துப்போன ஒரு இணைப்பும் உள்ள பக்கங்கள். காலாவதியான வேலைவாய்ப்பு அறிவிப்புகள். வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய நடப்பு நிகழ்வுகள். இவற்றுக்கு மாற்றுப் பக்கம் எதுவும் இல்லை; அதனால் ‘பக்கம் எடுக்கப்பட்டுவிட்டது’ என்று சொல்லும் 410 குறியீடு. ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்னும் 404 போதாதா என்றால், போதும். கூகுள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடத்துகிறது. 410 என்றால் வேண்டுமென்றே எடுத்தது என்று பின்னால் பதிவேட்டைப் பார்க்கும் நமக்கே தெளிவாக இருக்கும், அவ்வளவுதான்.

நீக்கிய எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பிளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். சம்பந்தமில்லாத திருப்பலை கூகுள் சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும். 2016 அறிவிப்பைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பதுதான் கண்ட பலன்.

டேக் பக்கங்களுக்கு, தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிப்பு. படத்துக்கு ஒரு பக்கம் என்று வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கியிருந்த இணைப்புப் பக்கங்களை அணைத்தோம். 6.4 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் தளங்களில் இவை வருவதில்லை, பழைய தளங்களில் நாமே அணைக்க வேண்டும். நோஇண்டெக்ஸ் போட்ட முகவரியை தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் சேர்த்துத் தடுத்துவிடக் கூடாது. பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் உள்ளே வந்து பார்த்தால்தானே அந்தக் குறிப்பே அதற்குத் தெரியும்.

பிளாகர் காலத்து முகவரிகள் இன்னொரு தலைவலி. பழைய முகவரி வேர்ட்பிரஸ் முகவரிக்கும், அது இப்போது இணைத்த பக்கத்துக்கும் என்று தாவித் தாவிப் போனது. கடைசியில் ‘எம்=1’ ஒட்டிக்கொண்ட மொபைல் முகவரிகளும் அப்படியே. இடைப்படிகளை எடுத்து எல்லாவற்றையும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குக் காட்டினோம். தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளையும் ரீடைரக்ட்டை நம்பி விடாமல் புது முகவரிக்கே மாற்றினோம். ரீடைரக்ட்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அவற்றால் பாரம் எதுவுமில்லை என்பதால் நாங்கள் எடுக்கப்போவதே இல்லை.

தேதி விஷயத்தில் சாரிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உள்ளே எதையும் தொடாமல் எல்லாப் பக்கத்துக்கும் புதுத் தேதி போடலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தளத்தின் பக்கங்களை கூகுளுக்குப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப்பில் உள்ள கடைசித் திருத்தத் தேதி நம்பும்படி இருந்தால்தான் கூகுள் அதைப் பயன்படுத்துகிறது. மாறாத பக்கத்துக்கெல்லாம் புதுத் தேதி போட்டால், உண்மையில் மாறிய பக்கத்தின் தேதிக்கும் மதிப்பு போய்விடும்.

பிறகு நடந்தது

முதலில் சர்ச் கன்சோலில் மொத்த இம்ப்ரெஷன் இறங்கியது. சார் போன் போட்டுப் பதறினார். நீக்கிய பக்கங்கள் தேடலின் ஏழாவது எட்டாவது பக்கத்தில் வந்து கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தவை, அவை போனால் எண் இறங்கத்தான் செய்யும் என்று கிளிக் கோட்டைக் காட்டினேன். அது இறங்கவில்லை. 410 கொடுத்த முகவரிகளை கூகுள்பாட் மாதக்கணக்கில் வந்து தட்டிக்கொண்டேதான் இருந்தது, அதுவும் வழக்கம்தான்.

பாடத்திட்டப் பக்கம் ஆடுவது நின்றது. ஒரே முகவரி நிலையாக வரத் தொடங்கி, 2025 ஏப்ரலில் அடுத்த குரூப் 4 அறிவிப்பு வந்த சமயத்தில் முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருந்தது. தேர்வாணையத்தின் சொந்தத் தளமும் பெரிய செய்தித் தளங்களும் அதற்கு மேலே. அவற்றைத் தாண்டும் ஆசை எங்களுக்கு இல்லை. யூனிகோடாக்கிய பாடக் குறிப்புகளுக்கு, முன்பு சர்ச் கன்சோலில் பார்த்தேயிராத நீளமான தமிழ்த் தேடல்கள் வந்தன: நூல், ஆசிரியர், அடைமொழி என்று மாணவர்கள் அப்படியே கேள்வியாகத் தட்டுபவை.

ஆனால் இதையெல்லாம் எங்கள் வேலையின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. 2024 நவம்பர், டிசம்பர், 2025 மார்ச் என்று அடுத்தடுத்து கூகுளின் முதன்மைத் தரவரிசைப் புதுப்பிப்புகள் வந்த காலம் அது. அதற்காகவே குரூப் 2 பகுதியைத் தொடாமல் விட்டிருந்தேன். அதே தளம், அதே வயது, அதே மாதிரிக் குளறுபடி. தேடலில் அதன் இடம் பெரிதாக அசையவில்லை. அங்கே ஆண்டுப் பக்கங்கள் இன்னும் மாறி மாறித்தான் வருகின்றன. முழு நிரூபணம் இல்லைதான். இரண்டு தேர்வுக்கும் தேடும் காலம் வேறு. ஆனாலும் அடுத்து எதைத் தொடுவது என்று தீர்மானிக்க இது போதும்.

குரூப் 2 பாடத்திட்டப் பக்கங்களின் அச்சுப் பிரதிகள் இப்போது சாரின் மேசையில் இருக்கின்றன. முதல்நிலை, முதன்மைத் தேர்வு என்று இரண்டு அடுக்கு இருப்பதால் ஒரே பக்கமாக்குவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தேடுபவர்கள் இரண்டையும் தனித்தனியாகத் தேடுகிறார்களா என்று சர்ச் கன்சோலில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.